மரணம், ஊழியம், மதமாற்றம்: வேலூரை முன்வைத்துச் சில சிந்தனைகள்

கிறித்தவ மருத்துவப் பணி குறித்துத் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்கிவிடுகின்றன. ஒன்று நன்றியுரை. கடல் கடந்து வந்தவர்கள் நமக்காகத் தேய்ந்தார்கள் என்று தொடங்கிக் கண்ணீரில் முடியும். மற்றொன்று குற்றப்பத்திரிகை. மருந்து தூண்டில் புழு, மதமாற்றமே தூண்டில் முள் என்று தொடங்கிக் கோபத்தில் முடியும். முன்னதில் விமர்சனம் இருக்காது. பின்னதில் நோயாளி இருக்கமாட்டார். இரண்டுமே ஒரு கேள்வியைத் தொடாமல் கடந்துவிடுகின்றன: இந்த மருத்துவமனைகளைக் கட்டியவர்கள் சாவைப் பற்றி என்ன நினைத்தார்கள்?

பாகாயத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழ்பவர்களுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் கல்லூரி வளாகம், மனநல மையம், மறுவாழ்வு நிறுவனம், சமுதாய நலப் பிரிவின் மருத்துவமனை எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. நகரின் நடுவே பெரிய மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் விடுதிகளும் உணவகங்களும் வங்காள எழுத்தில் பலகை மாட்டியிருக்கின்றன. வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் இரண்டு நாள் ரயிலில் வருபவர்கள் காட்பாடியில் இறங்கும்போது மூட்டையோடு மரண பயத்தையும் சுமந்துகொண்டுதான் இறங்குகிறார்கள். அந்தப் பயத்தைக் கையாளும் உரிமை யாருக்கு, எவ்வளவு தூரம் உண்டு என்பதே இக்கட்டுரையின் கவலை.

*

ஐடா ஸ்கடரின் கதை வாசகர்கள் அறிந்ததே. 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர், அமெரிக்காவில் படித்தவர். 1890களின் தொடக்கத்தில், நோயுற்ற தாயைக் கவனித்துக்கொள்ளத் திண்டிவனத்துக்கு வந்திருந்தார். ஒரே இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், ஒருவர் முதலியார். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். ஐடாவின் தந்தை மருத்துவர்தான். ஆனால் ஆண் மருத்துவர் தம் வீட்டுப் பெண்ணைத் தொடக்கூடாது என்று மூவரும் மறுத்துவிட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். ஐடா திரும்பிச் சென்று மருத்துவம் படித்து, 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் சிகிச்சையைத் தொடங்கினார். 1902இல் ஷெல் நினைவு மருத்துவமனை வந்தது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. முதல் வகுப்பில் படித்து 1922இல் தேர்வெழுதிய பதினான்கு பெண்களும் தேறினார்கள்.

இக்கதையைத் தேவ அழைப்பின் கதையாகச் சபைகள் சொல்கின்றன. பெண்கல்வியின் கதையாகப் பாடநூல்கள் சொல்கின்றன. என் நோக்கில் இது சாவைப் பற்றிய ஒரு சிந்தனை இடம் மாறிய கதை. அதை உணர ஐடாவின் பாட்டனாரிடம் செல்லவேண்டும்.

முதலாம் ஜான் ஸ்கடர் நியூயார்க்கில் தொழில் நடத்திவந்த மருத்துவர். ஒரு நோயாளியின் வீட்டில் தற்செயலாக ஒரு சிறு பிரசுரத்தை எடுத்துப் படிக்கிறார். சுவிசேஷத்தைக் கேளாத அறுபது கோடி மக்களின் உரிமைக்குரலாக எழுதப்பட்டது அது. 1819இல் குடும்பத்துடன் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்தார். பின்னர் 1836இல் சென்னைக்கு வந்தார். அவரைக் கப்பலேற்றியது ஒரு கணக்கு. ஒவ்வொரு நாளும் இத்தனை பேர் இறக்கிறார்கள்; கிறிஸ்துவை அறியாமல் இறக்கிறார்கள்; அப்படி இறப்பவர்கள் என்றென்றைக்கும் அழிகிறார்கள். இந்தக் கணக்கை உண்மை என நம்பும் ஒருவன் வீட்டில் சும்மா இருக்க முடியாது. அன்றைய மிஷனரிகளின் அவசரத்தை, சில சமயம் அநாகரிகமாகவே தோன்றும் அந்த அவசரத்தை, இதை விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள இயலாது. ஏகாதிபத்தியத்தின் கைக்கூலிகள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவது எளிது. ஆனால் யாழ்ப்பாணத்தில் தம் குழந்தைகளைப் புதைத்துவிட்டும் திரும்பிப் போகாதவர்களை அந்த வரி விளக்குவதில்லை.

பாட்டனாருக்கு மரணத்தின் பயங்கரம் அதற்குப் பின்னால் இருந்தது. பேத்திக்கோ அது மரணத்துக்கு முன்னால், அந்தத் திண்டிவனத்து இரவிலேயே இருந்தது. அம்மூன்று பெண்கள் எங்கே போனார்கள் என்பதைக் காட்டிலும், போயிருக்க வேண்டியதே இல்லையே என்பதுதான் அவரை உலுக்கியது. ஐடா சுவிசேஷத்தைக் கைவிட்டார் என்று இதற்குப் பொருளில்லை. 1960 மே மாதம் கொடைக்கானலில் கண்மூடும்வரை அவர் தீவிர விசுவாசியாகவே இருந்தார். ஆனால் தவிர்த்திருக்கக்கூடிய சாவு என்ற ஒன்று அவருடைய விசுவாசத்தின் மையத்துக்கு வந்துவிட்டது. அவர் கட்டிய கல்லூரியின் குறிக்கோள் வாசகம் மாற்கு சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்திலிருந்து எடுக்கப்பட்டது. பணிவிடை பெறுவதற்கன்றிப் பணிவிடை செய்யவே வந்தேன் என்ற கருத்தைச் சொல்வது. உலகெங்கும் போய்ப் பிரசங்கியுங்கள் என்ற கட்டளையும் அதே சுவிசேஷத்தின் இறுதியில் இருக்கிறது. தெரிந்தெடுக்கப்பட்டது முன்னது.

*

தமிழ்க் கிறித்தவரின் இரங்கல் சுவரொட்டிகளில் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்றிருக்கும். சில வீடுகளில் ‘மகிமைக்குள் பிரவேசித்தார்’ என்று போடுவார்கள். நித்திரை என்ற சொல் நமக்குப் புதிதன்று. நிலையாமை அதிகாரத்தில் வள்ளுவர் சாவை உறக்கத்துக்கும் பிறப்பை விழிப்புக்கும் ஒப்பிடுகிறார். உவமை ஒன்றுதான், விழிப்பு வேறு. குறளில் விழிப்பவன் வேறொரு பிறவியில் விழிக்கிறான். கிறித்தவ நம்பிக்கையில் உறங்கியவனே, தன் பெயரோடும் தன் உடலோடும் விழிக்கிறான். ஆகவே உடல் கழற்றி எறியப்படும் சட்டை அன்று.

இதிலிருந்து இரண்டு மனநிலைகள் பிறக்கின்றன. மரணம் மகிமையின் வாசல், அழுவதற்கு என்ன இருக்கிறது என்பது ஒன்று. மரணம் பகைவன், அதை எதிர்த்து நிற்கவேண்டும் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் வேதாகமத்தில் இடம் உண்டு. யோவான் சுவிசேஷத்தில் லாசருவின் கல்லறை முன் இயேசு அழுகிறார். சற்று நேரத்தில் அவனை எழுப்பப் போகிறவர் ஏன் அழவேண்டும்? கையறுநிலைப் பாடல்களைப் படித்து வளர்ந்த எனக்கு அந்த அழுகை இறையியல் விளக்கம் தேவைப்படாத ஒன்றாகவே படுகிறது. எதிரே இருக்கும் இழப்பை ஒரு கொள்கையைக் கொண்டு மூடிவிட அவர் மறுக்கிறார், அவ்வளவுதான்.

வேலூரில் இந்த இரண்டாவது மனநிலைக்குக் கிடைத்த சிறந்த சான்று தொழுநோய்ப் பணி. பால் பிராண்டின் பெற்றோர் கொல்லிமலையில் மிஷனரிகள். தந்தை ஜெஸ்ஸி பிராண்ட் 1929இல் காய்ச்சலில் மாண்டு அம்மலையிலேயே புதைக்கப்பட்டார். மகன் 1946இல் அறுவை மருத்துவராக வேலூர் வந்தார். தொழுநோயாளியின் விரல்கள் நோயால் அழுகி உதிர்வதில்லை, உணர்ச்சி அற்றுப்போனதால் சுட்டும் வெட்டியும் எலி கடித்தும் அழிகின்றன என்பதை நிறுவியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். உயிரோடு இருக்கும்போதே ஊராலும் உறவாலும் செத்தவர்களாகக் கணக்கிடப்பட்டவர்களின் கைகள் அவை.

அங்கே ஒரு சிக்கல் எழுந்ததைப் பிராண்டே பதிவு செய்திருக்கிறார். கை சரியான நோயாளிகள் சிலர் திரும்பி வந்து குறைப்பட்டுக்கொண்டார்கள்: கை நேரானதும் பிச்சை விழுவது குறைந்துவிட்டது, நோயாளி என்பதால் வேலை தருவாரும் இல்லை. 1951இல் இவ்வளாகத்தில் நவஜீவ நிலையம் தொடங்கப்பட்டு அவர்களுக்குத் தொழில் கற்றுத்தரப்பட்டது இந்தப் பின்னணியில்தான். 1954இல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்த மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிறுவனம் உருவானதற்கு அவரே காரணர். கையைக் கொடுத்தால் போதாது, அந்தக் கையால் உண்ணும் வழியையும் கொடுக்கவேண்டும் என்ற தெளிவு இங்கே நோயாளிகளின் முறையீட்டிலிருந்து கிடைத்தது. தொண்டின் வரலாற்றில் நோயாளி ஆசிரியராக இருந்த தருணங்களை நாம் போதிய அளவு பேசுவதில்லை.

*

இனி ஐயத்தின் பக்கம். அதை இந்துத்துவக் கூச்சல் என்று ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது. வேலூர் மருத்துவப் பள்ளிக்கு 1928இல் வந்துசென்ற காந்தியே, 1931இல் ‘யங் இந்தியா’வில் எழுதும்போது, மருத்துவத்தையும் கல்வியையும் மதம் மாற்றும் கருவியாக்குபவர்கள் இந்தியாவை விட்டு விலகுவதையே விரும்புவேன் என்ற பொருளில் எழுதினார். மத்தியப் பிரதேச அரசு அமைத்த நியோகி குழு, மருத்துவ சேவையை மதமாற்றத்தின் நேரடி வழியாகப் பயன்படுத்துவதைச் சட்டத்தால் தடுக்கவேண்டுமென்று 1956இல் பரிந்துரைத்தது. 1977இல் உச்ச நீதிமன்றம், மதத்தைப் பரப்பும் உரிமை பிறரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்றது. தமிழ்நாட்டில் 2002இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தையும் 2004 தேர்தல் தோல்விக்குப் பின் அதைக் கொண்டுவந்த அரசே பின்வாங்கியதையும் நாம் பார்த்தோம்.

இச்சட்ட வாதங்களில் எனக்கு ஒரு குறை தென்படுகிறது. அவை மதம் மாறுபவரை ஏமாறும் குழந்தையாகவே கருதுகின்றன. ஆற்காடு மிஷன் சபைகளில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். 1876-78 பஞ்சத்தின்போது திருநெல்வேலியிலும் பிற மாவட்டங்களிலும் திரளாகச் சபையில் சேர்ந்தவர்களை ‘அரிசிக் கிறித்தவர்கள்’ என்று எள்ளினார்கள். எள்ளியவர்கள் பசித்தவர்கள் அல்லர். ஊர்க் கிணற்றில் நீர் மொள்ள முடியாதவன், தன்னை வீட்டுக்குள் அழைத்துப் புண்ணைக் கழுவியவரின் கடவுளை நம்பத் தொடங்குவது ஏமாற்றமா, தீர்ப்பா? அதை வெளியிலிருந்து நாம் முடிவு செய்துவிட முடியாது.

ஆயினும் மரணப் படுக்கை வேறு. கிராமத்தில் ஒருவன் பத்து ஆண்டு யோசித்து மாறலாம். மாறியபின் திரும்பியும் போகலாம். சாகக் கிடப்பவனுக்கு அந்த அவகாசம் கிடையாது. எதிரே நிற்பவரின் கையில் மருந்து இருக்கிறது, தன் உடம்பு அவர் வசம் இருக்கிறது. அங்கே ‘உங்களுக்காக ஜெபிக்கலாமா?’ என்று மெல்லக் கேட்கும்போதுகூட ‘வேண்டாம்’ என்று சொல்லும் சுதந்திரம் நோயாளிக்கு முழுமையாக இருப்பதில்லை. ‘ஊழியம்’ என்ற சொல்லை இங்கே நினைத்துக்கொள்ளலாம். தமிழ்க் கிறித்தவர்கள் அதைத் தன்விருப்பத் தொண்டுக்குப் பெயராக்கினார்கள். பழைய திருவிதாங்கூரிலோ ஒடுக்கப்பட்ட சாதியாரிடம் கூலியின்றி வற்புறுத்திப் பெறப்பட்ட வேலைக்கு அதுவே பெயர். வற்புறுத்தலின் சொல்லை அன்பின் சொல்லாக மாற்றியது சாதனைதான். அது பழைய பொருளுக்குத் திரும்பிவிடும் இடம் ஒன்று உண்டென்றால் அது மரணப் படுக்கைதான்.

அன்னை தெரசாவை ஒட்டி எழுந்த விவாதமும் இதையே தொட்டது. 1952இல் காளிகட்டத்தில் தொடங்கப்பட்ட அவரது இல்லத்தைப் பார்வையிட்ட ராபின் ஃபாக்ஸ், அங்கே வலுவான வலிநீக்கி மருந்துகள் இல்லை என்று 1994இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார். அடுத்த ஆண்டு கிறிஸ்டோபர் ஹிச்சன்ஸ் அதைப் பெரும் குற்றச்சாட்டாக விரித்தார். தெருவில் யாருமின்றிச் சாகவிருந்தவருக்கு ஒரு கட்டிலும் ஒரு கையும் கிடைத்ததன் மதிப்பை ஹிச்சன்ஸின் கேலி குறைத்துவிடாது. ஆனால் துன்பத்தைச் சிலுவையின் பங்காகப் போற்றும் மனம் துன்பத்தைக் குறைக்க அவசரப்படாது என்ற எச்சரிக்கை சரியானதே. பதிலும் கிறித்தவத்துக்குள்ளிருந்தே வந்திருக்கிறது. 1967இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் நலவாழ்வகத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் ஆழ்ந்த விசுவாசி. வலி வந்தபின் கெஞ்சவைக்காமல் வேளை தவறாது மார்ஃபின் கொடுக்கவேண்டும் என்று வாதாடி வென்றவர் அவர். மதம் சாராத வழியும் நம் அருகிலேயே இருக்கிறது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்புச் சிகிச்சை இயக்கம் கேரளம் முழுதும் அண்டைவீட்டார் பணியாகப் பரவியது. பொதுமையாக ஒன்றைச் சொல்லிவிடலாம்: மார்ஃபினுக்கு முன்னால் ஜெபம் வருமானால் அந்த வரிசையில் கோளாறு இருக்கிறது.

*

மதப்பரப்பும் அன்னதானமும் மரணமும் ஒரே நூலில் பின்னிக் கிடப்பதைத் தமிழன் ஐரோப்பியனிடம் கற்கவேண்டியதில்லை. நம்மிடம் மணிமேகலை இருக்கிறது. அது பௌத்தப் பிரசார காப்பியம். அமுதசுரபியை ஏந்தியவள் யானைப்பசியால் வருந்தும் காயசண்டிகையின் பசியைத் தீர்க்கிறாள், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குகிறாள், இறுதியில் அறவண அடிகளிடம் தருமம் கேட்கிறாள். சக்கரவாளக் கோட்டத்துச் சுடுகாட்டுக் காட்சியோ நிலையாமையை முகத்தில் அறைந்து போதிக்கிறது. இன்று யாரும் அமுதசுரபியைத் தூண்டில் என்று சொல்வதில்லை. பௌத்தம் தமிழ்நாட்டில் தோற்றுப்போனதால் நமக்கு அதனிடம் பயமில்லை, அதனால் அதன் அன்பை மட்டும் பார்க்க முடிகிறது. பயமற்ற அதே கண்ணோடு வேலூரையும் ஒருமுறை பார்க்கலாமே என்பது என் முதல் வேண்டுகோள்.

இரண்டாவது, கிறித்தவ நண்பர்களுக்கானது. அதே காப்பியத்தில் ஆபுத்திரன் கதை வருகிறது. பசித்தோர்க்கெல்லாம் உணவளித்தவனை இந்திரன் வேறுவிதமாகத் தண்டிக்கிறான். பாண்டிய நாட்டில் மழையைப் பொழியச் செய்கிறான். நாடு செழித்தது, பசித்தவர் இல்லை, அமுதசுரபிக்கு வேலையும் இல்லை. ஆபுத்திரன் பசித்தவரைத் தேடிச் சாவக நாட்டுக்குக் கப்பலேறுகிறான். வழியில் மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டு, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் உயிர் துறக்கிறான். தொண்டனின் ஆழமான சிக்கலைச் சாத்தனார் தொட்டுவிட்ட இடம் இது. ஏழை இல்லாவிட்டால் நான் யார்? உலகின் எல்லாத் தொண்டு நிறுவனங்களும் இக்கேள்வியைத் தமக்குள் கேட்டுக்கொள்ளவேண்டும். நேராக்கிய கை பிச்சையெடுக்கப் பயன்படாததைக் கண்டு தொழில் கற்றுக்கொடுத்தபோது, பிராண்டும் மேரி வர்கீஸும் ஆபுத்திரனைத் தாண்டிச் சென்றார்கள். தொண்டு தன்னைத் தேவையற்றதாக்கிக்கொள்ளும் திசையில் நடக்கவேண்டும்.

இத்தோல் மண்டலத்தில் அக்கேள்விக்கு இன்னொரு கூர்மையும் உண்டு. பாலாற்றை நஞ்சாக்கிய தோல் கழிவுகள் குறித்து உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது; அது போதாமல் 2025இல் மீண்டும் கடுமையாக ஆணையிட நேர்ந்தது. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டி இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உட்படப் பத்துப் பேர் மூழ்கி மாண்டார்கள். திண்டிவனத்து மூன்று சாவுகளைப் போலவே இவையும் தவிர்த்திருக்கக்கூடியவை. வந்தவரைக் குணப்படுத்துவதோடு நிற்காமல், ஏன் வருகிறார்கள் என்று கேட்பதும் ஊழியத்தில் சேருமா என்பதைச் சபைகள்தாம் சொல்லவேண்டும்.

சாவுக்குப் பிந்தைய சமத்துவம் பற்றிய பிரசங்கத்துக்கும் இதே சோதனை பொருந்தும். ஒரே நாளில் எல்லாரும் உயிர்த்தெழுவார்கள் என்று நம்பும் கத்தோலிக்கரின் திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பக்கமாகச் சுவர் நின்றது. 2010இல் சமூக ஆர்வலர்கள் அதை இடிக்கப் புகுந்தபோதுதான் வெளியுலகம் அதைப் பேசியது. வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், நிலவழி மறுக்கப்பட்டதால் தலித் ஒருவரின் உடல் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கப்பட்டது 2019இல். 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலைச் சென்னையில் கும்பலொன்று கல்லெறிந்து விரட்டியது. சக மருத்துவர் இரவோடிரவாக மண்ணை வெட்டிப் புதைத்தார். விரும்பிய கல்லறைத் தோட்டத்தில் மறு அடக்கம் செய்ய அவர் மனைவி வழக்காடி 2021இல் உயர் நீதிமன்ற அனுமதி பெற்றார். ஆன்மா பரலோகம் போனபின் உடல் எங்கிருந்தால் என்ன என்று சிலர் கேட்டார்கள். அந்தப் பெண்மணியின் வழக்கு, உடல் மரியாதைக்குரியது என்ற கிறித்தவ நம்பிக்கையை எந்தப் பிரசங்கத்தையும்விடத் தெளிவாக நாட்டுக்குச் சொன்னதாக நான் கருதுகிறேன்.

தொகுத்துச் சொல்கிறேன். விசுவாசம்தான் அவர்களை இங்கே கொண்டுவந்தது; அதை மறைத்துக்கொண்டு தொண்டு மட்டும் செய்யுங்கள் என்று கேட்பது வேரை வெட்டிக் கனி கேட்பது. சந்தையிலும் மேடையிலும் புத்தகத்திலும் அவர்கள் தங்கள் நம்பிக்கையைச் சொல்லட்டும், மற்றவர் மறுக்கட்டும். ஆனால் நோயாளியின் கட்டிலைச் சுற்றி ஓர் எல்லை இருக்கிறது. அங்கே முதலில் பேசவேண்டியவர் படுத்திருப்பவர். அவர் கேட்டால் ஜெபிக்கலாம். அவர் காளியை அழைத்தால் காளியோடும், அல்லாவை அழைத்தால் அல்லாவோடும், யாரையும் அழைக்காவிட்டால் அந்த மௌனத்தோடும் அவரை விட்டுவிடவேண்டும். மூட்டையோடு காட்பாடியில் வந்திறங்கும் வங்காளக் கிழவருக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அவருடைய கடைசி வார்த்தை என்னவென்று புரியவைக்க ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கட்டிலருகே நிறுத்துவது எந்தத் துண்டுப் பிரசுரத்தையும்விடச் சுவிசேஷத்துக்கு நெருக்கமான செயல் என்றே எனக்குத் தோன்றுகிறது.